துரை மீனும் எங்கள் ஆறும்

போன மாதம் ஓர் அழைப்பிதழ் வந்தது. வழுவழுப்பான தாள். நீல நிறத்தில் வளைந்தோடும் ஆறு, அதற்குள் துள்ளும் ஒரு மீன். ‘நதியைக் காப்போம்’ என்று தலைப்பு. காலை ஏழு மணிக்கு ஓடைக்கரையில் குப்பை அகற்றுதல். பத்து மணிக்கு மரக்கன்று. பதினொன்றுக்கு உரைகள். மதியம் தூண்டில் வீசும் செய்முறை, பிறகு ட்ரவுட் மீன் விருந்து. இதற்கு நடுவில் ‘கவிதை’ என்று ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடம் எனக்கு.

போனில் பேசிய நண்பர் சொன்னார்: “தோழர், ஆத்தப் பத்தி உருக்கமா ஒண்ணு வாசிங்க. அரசியல் மட்டும் வேணாம்.”

அரசியல் வேணாமாம். தண்ணீருக்காகத் தலை உருண்ட ஒரு நாட்டில், ஆற்றைப் பற்றிப் பேச அரசியல் வேணாமாம். நான் கவிதை வாசிக்கவில்லை. ஆனாலும் நீலகிரிக்கு பஸ் ஏறிப் போனேன். ஓடைக்கரையில் ஒரு கல்மேல் உட்கார்ந்து பார்த்தேன். பார்த்ததை எழுதுகிறேன்.

வந்தவர்களுக்கெல்லாம் கையுறை கொடுத்தார்கள். தொப்பி கொடுத்தார்கள். ஒரு மணி நேரம் பிளாஸ்டிக் பொறுக்கினார்கள். பொறுக்கியதைவிடப் போட்டோ எடுத்தது அதிகம். மூட்டைகளை ரோட்டோரம் குவித்துவிட்டு டீ குடிக்கப் போனார்கள். அப்புறம் ஒப்பந்தத் துப்புரவு வேலை பார்க்கும் இரண்டு பெண்கள் வந்தார்கள். கையில் உறை இல்லை. மூட்டைகளைத் தூக்கி வண்டியில் போட்டார்கள். ஒரு மூட்டை அவிழ்ந்து கொட்டியது. “இதக் கட்டியாவது வெச்சிருக்கலாம்ல தம்பி” என்று என்னிடம் சொல்லிவிட்டுக் குனிந்து பொறுக்கினார் ஒரு அம்மா. அவரை யாரும் போட்டோ எடுக்கவில்லை. விருந்துக்கும் கூப்பிடவில்லை. மேடையில் அப்போது ஒருவர் ‘நதி நம் அனைவருக்கும் தாய்’ என்று பேசிக்கொண்டிருந்தார்.

வருஷத்துக்கு ஒரு நாள் குனிந்தால் அது சேவை. தினம் குனிந்தால் அது சாதி. இந்த வித்தியாசத்தைப் பேசாமல் எந்த ஆற்றை நீங்கள் சுத்தம் செய்யப் போகிறீர்கள்?

‘சுத்தம்’ என்கிற சொல்லைக் கேட்டாலே எங்களுக்கு உடம்பு கூசும். காரணம் இருக்கிறது. 1927 மார்ச் 20-ல் மகாத்தில் அம்பேத்கர் சவுதார் குளத்தில் இறங்கி ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடித்தார். பின்னாலேயே ஆயிரக்கணக்கானவர்கள் குடித்தார்கள். அதற்கப்புறம் ஊர்ச் சாதி இந்துக்கள் என்ன செய்தார்கள்? சாணியும் கோமியமும் பாலும் தயிரும் 108 பானையில் கலந்து குளத்தில் ஊற்றி, குளம் சுத்தமாகிவிட்டது என்றார்கள். எனக்குத் தெரிந்து நீர்நிலையைத் தூய்மைப்படுத்தும் சமூக நிகழ்ச்சிகளில் அதுவும் ஒன்று. நாங்கள் குடித்ததுதான் அங்கே அழுக்கு.

இனி மீனுக்கு வருவோம்.

எம்.ஏ. தமிழில் ஐந்திணை படித்தேன். குறிஞ்சிக்குக் கருப்பொருள் என்னவென்று பரிட்சையில் எழுதி மார்க்கும் வாங்கினேன். தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை. அந்தப் பட்டியல் எதிலும் ட்ரவுட் இல்லை. இருக்க நியாயமும் இல்லை. அது கப்பலேறி வந்த மீன். பிரான்சிஸ் டே என்கிற வெள்ளைக்கார மருத்துவர், இந்திய மீன்களைப் பற்றிப் பெரிய நூல் எழுதியவர், 1860-களில் நீலகிரிக்கு ட்ரவுட்டைக் கொண்டுவர முயன்று தோற்றார். நாற்பது ஆண்டு கழித்து ஹெச்.சி. வில்சன் என்பவர் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைத்து வானவில் ட்ரவுட்டை நிலைநிறுத்தினார். குளிர்ந்த, ஓட்டமுள்ள, பிராணவாயு நிறைந்த தண்ணீர் கேட்கிற மீன் அது. துரைமாருக்கு ஊர் ஞாபகம் வந்தபோது ஓடையிலும் ஊர் மீன் வேண்டியிருந்தது. அவ்வளவுதான் விஷயம்.

ஆனால் மீன் வருவதற்கு முன்பே சட்டம் வந்துவிட்டது, அதைக் கவனியுங்கள். 1877-ல் வேட்டைக்காரத் துரைமார் சங்கம் அமைத்தார்கள். 1879-ல் நீலகிரி வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் பிறகு பருவம் பார்த்து, லைசென்ஸ் வாங்கி, தொப்பி போட்டுப் பிடித்தால் அது விளையாட்டு. பசிக்குப் பிடித்தால் அது திருட்டு. மலையில் தலைமுறை தலைமுறையாக இருந்த தோடரையும் கோத்தரையும் இருளரையும் குறும்பரையும் அவர்கள் கேட்கவில்லை. தோட்ட வேலைக்கென்று சமவெளிச் சேரிகளிலிருந்து கங்காணி கூட்டிக்கொண்டு போன எங்கள் பாட்டன் பாட்டியை மனிதக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. ‘பாதுகாப்பு’ என்ற சொல் நம் மலைகளில் பிறந்தது இப்படித்தான். துரை சுடுவதற்கு மிருகம் மிச்சம் இருக்க வேண்டும் என்பதற்காக.

எங்கள் லைன் வீட்டில் ட்ரவுட்டுக்குத் ‘தொரை மீன்’ என்று பேர். அம்மா கொழுந்து பறித்தார். தாய்மாமன் மருந்தடித்தார். நான் ஆறாவது படிக்கும்போது, கூலி போடாத ஒரு வாரத்தில், மாமா ராத்திரியில் போய் ஓடையில் துணி கட்டி இரண்டு மீன் பிடித்தார். வரும் வழியில் காவலுக்கு இருந்தவர் மறித்துவிட்டார். மீனைக் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டு டீக்கடை வரைக்கும் நடத்திக் கூட்டிவந்தார்கள். மாமா அந்தக் கடையில் அதற்குப் பிறகு டீ குடித்ததே இல்லை. ரெண்டு மைல் நடந்து வேறு கடைக்குப் போவார். “மீனுக்குக் கூட அங்க மரியாத இருக்குடா, அது தொரை மீனு” என்று சாகும்வரை சொன்னார். மேடையில் அன்றைக்குப் பொன்னிறமாக வறுத்து அடுக்கியிருந்த ட்ரவுட்டைப் பார்த்தபோது எனக்கு வாயில் எச்சில் ஊறவில்லை. மாமாவின் கழுத்துதான் ஞாபகம் வந்தது.

‘இதெல்லாம் பழைய கதை. தூண்டில்காரன் இருந்தால்தான் ஆறு பிழைக்கும். சுத்தமான தண்ணீர் இல்லாவிட்டால் ட்ரவுட் சாகும். அதனால் அவன் ஆற்றுக்குக் காவல்’ என்று ஒரு வாதம் உண்டு. அன்று மேடையிலும் அதைத்தான் சொன்னார்கள். இதில் உண்மை இல்லாமல் இல்லை. இங்கிலாந்தில் டெர்பி நகரத்துத் தூண்டில்காரர் சங்கம் ஒன்று 1950-களின் தொடக்கத்தில் டெர்வென்ட் ஆற்றைக் கெடுத்ததற்காக ஒரு பெரிய செயற்கை இழை ஆலையையும், சாக்கடையை விட்ட நகராட்சியையும், மின்சார வாரியத்தையும் சேர்த்துக் கோர்ட்டுக்கு இழுத்தது. ஜெயித்தும் காட்டியது. அப்படி ஒரு தூண்டில் சங்கம் இங்கே வரட்டும், நான் முதல் ஆளாகச் சந்தா கட்டுகிறேன். ஆனால் அன்றைய மேடையில் தோட்டத்தில் தெளிக்கிற மருந்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஓட்டல் சாக்கடை பற்றி ஒரு வார்த்தை இல்லை. சிப்ஸ் பாக்கெட் போட்ட பயணி மட்டும்தான் குற்றவாளி. பெரிய அழுக்கைத் தொடாமல் சின்ன அழுக்கைப் பொறுக்குவதற்குப் பேர் பாதுகாப்பு இல்லை, பாசாங்கு.

இன்னொன்று. வானவில் ட்ரவுட் சூழலியல் பிள்ளையும் இல்லை. உலகின் மிக மோசமான 100 அயல் ஊடுருவி உயிரினங்கள் என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் வெளியிட்ட பட்டியலில் அதற்கும் அதன் பங்காளி பழுப்பு ட்ரவுட்டுக்கும் இடம் உண்டு. போன இடத்தில் சின்ன மீனையும் பூச்சியையும் தவளைக் குஞ்சையும் தின்று கொழுக்கிற மீன். ஓடையின் சொந்தக்காரச் சிறு மீன்களுக்கு அழைப்பிதழில் படம் இல்லை, மேடையில் பேர் இல்லை. வந்தேறிக்கு விருந்து, மண்ணின் மீனுக்கு மௌனம். இது எங்கேயோ கேட்ட கதையாக இல்லை?

சரி, அந்த மீனின் சொந்த ஊரில் என்ன நடந்தது? அதை அமைப்பாளர்கள் யாரும் சொல்ல மாட்டார்கள். நான் சொல்கிறேன்.

வானவில் ட்ரவுட்டின் தாய்வீடு பசிபிக் கரை. அங்கே கடலுக்குப் போய் ஆற்றுக்குத் திரும்புகிற வானவில் ட்ரவுட்டை ஸ்டீல்ஹெட் என்பார்கள். 1854-ல் அமெரிக்க அரசு அங்கிருந்த பூர்வகுடிகளின் நிலத்தை ஒப்பந்தம் போட்டுப் பிடுங்கியது. பதிலுக்கு, வழக்கமான இடங்களில் மீன் பிடிக்கும் உரிமை என்றைக்கும் உங்களுடையது என்று எழுதிக் கொடுத்தது. அப்புறம் வாஷிங்டன் மாநில அரசு ஸ்டீல்ஹெட்டை ‘விளையாட்டு மீன்’ ஆக்கியது. வெள்ளைக்காரன் தூண்டிலுக்கு அது சொந்தமாயிற்று. நிஸ்குவாலி ஆற்றில் வலை போட்ட பூர்வகுடிகளைப் போலீஸ் அடித்து இழுத்துப் போனது. என்ன காரணம் சொல்லி? மீன்வளப் பாதுகாப்பு. அதே சொல்! பில்லி ஃபிராங்க் என்கிற நிஸ்குவாலிப் பையனை 1945-ல் முதன்முதலில் கைது செய்தபோது அவனுக்குப் பதினான்கு வயது. ஐம்பது தடவைக்கு மேல் கைதானார். விடவில்லை. கைதாகிக் கைதாகியே மீன் பிடித்தார்கள். 1974 பிப்ரவரி 12-ல் நீதிபதி போல்ட் தீர்ப்பு எழுதினார்: பிடிக்கத்தக்க மீனில் பாதி பூர்வகுடிகளுக்கு. அதோடு மீன்வளத்தை நிர்வகிப்பதிலும் அவர்களுக்குப் பங்கு. 1979-ல் உச்சநீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

உரிமை வந்த பிறகு அவர்கள் ஆற்றை நாசமாக்கினார்களா? எல்வா ஆற்றில் மீன் ஏற முடியாமல் நூறு ஆண்டாக மறித்து நின்ற இரண்டு அணைகளும் 2011-லிருந்து 2014-க்குள் இடிக்கப்பட்டன. அதற்காகப் பல காலம் விடாமல் நின்றவர்களில் முன்வரிசை அந்த ஆற்றின் கிளாலம் குடிகள். பாடம் எளிது. முதலில் உரிமை, அப்புறம் விளக்குமாறு. இங்கே எங்களிடம் விளக்குமாறு மட்டும் கொடுக்கப்படுகிறது.

நம் ஊர் ஆற்றுக்கு வருகிறேன். 1999 ஜூலை 23. மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களின் கூலிக்காகவும், சிறையில் கிடந்தவர்களின் விடுதலைக்காகவும் திருநெல்வேலியில் ஊர்வலம் போனார்கள். கலெக்டர் ஆபீசுக்குப் பக்கத்தில் தடியடி. ஓடுவதற்கு வழி ஆறு ஒன்றுதான் இருந்தது. இறங்கினார்கள். கரையேற விடாமல் அடித்தார்கள். பெண்களும் கைக்குழந்தையுமாகப் பதினேழு உயிர் தாமிரபரணியில் போயிற்று. 2018 அக்டோபரில் அதே ஆற்றில் மகா புஷ்கரம் நடந்தது. 144 ஆண்டுக்கு ஒருமுறை வருகிற புண்ணியம் என்றார்கள். லட்சக்கணக்கில் முங்கி எழுந்தார்கள். அப்போதும் போலீஸ் இருந்தது, முங்குகிறவர்களுக்குப் பாதுகாப்பாக. ஒரே ஆறு, ஒரே ஊர், ஒரே காக்கி. யார் இறங்குகிறார் என்பதைப் பொறுத்து ஆறு தீர்த்தமாகிறது அல்லது பிணக்காடாகிறது.

மாஞ்சோலை இன்றைக்குக் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. மணிமுத்தாறு போய்த் தாமிரபரணியில் சேர்கிற மலை அது. 1929-ல் கம்பெனிக்குக் கொடுத்த 99 ஆண்டுக் குத்தகை 2028-ல் முடிகிறது. அதற்கு முன்பே, 2024-ல், வேலை முடிந்தது, வீட்டைக் காலி செய் என்று தொழிலாளிக்குச் சொல்லப்பட்டது. தோட்டத்திலேயே இருந்து பிழைக்க வழி கேட்டு உயர்நீதிமன்றம் போனார்கள். அந்த டிசம்பரில் கோரிக்கை தள்ளுபடி. காடு திரும்பட்டும், நல்லது. ஆறு பிழைக்கட்டும், ரொம்ப நல்லது. காட்டை வெட்டித் தேயிலை போட்டு லாபம் எடுத்தவன் ஒருவன். அதற்குப் பரிகாரமாக மூட்டை கட்ட வேண்டியது அங்கேயே நாலு தலைமுறை அட்டைக்கடி வாங்கியவனா? இயற்கைக்குச் செலுத்த வேண்டிய கடனை எப்போதும் எங்கள் கணக்கில்தான் எழுதுவீர்களா?

தோழர்களே, ஆற்றைக் காப்பதற்கு நாங்கள் எதிரி இல்லை. ஆறு செத்தால் முதலில் சாகிறவர்கள் நாங்கள். ஊருக்கு மேலே ஓடுகிற தண்ணீரை ஊர் எடுத்துக்கொள்ளும். ஊரைத் தாண்டி வருகிற தண்ணீர்தான் சேரிக்கு. அதனால் ஆற்று விழா நடத்துகிறவர்களிடம் சில கேள்விகள்.

சாக்கடை ஆற்றில் கலக்காமலிருக்க வேண்டுமானால் யாரோ குழாயில் இறங்கவேண்டும் என்று இன்னும் நினைக்கிறீர்களா? 1993-லும் 2013-லும் இரண்டு சட்டம் போட்டும் எங்கள் ஆட்கள் மலக்குழியில் செத்துக்கொண்டிருக்கிறார்கள். உயிருக்கு 10 லட்சம் என்று 2014-ல் சொன்ன உச்சநீதிமன்றம், 2023-ல் 30 லட்சம் என்று சொன்னது. சாவின் விலைதான் ஏறியிருக்கிறது. உங்கள் விழா மேடையில் அவர்கள் பேரை வாசிப்பீர்களா?

கண்மாய் மீன் ஏலத்தில் சேரிக்காரன் பயமில்லாமல் கை தூக்க முடிகிற நாள் வரும்வரை, மீன்பிடியைச் ‘சமூக நிகழ்ச்சி’ என்று சொல்லாமல் இருப்பீர்களா? குப்பை மூட்டை தூக்குகிற அம்மாவுக்குக் கையுறையும் நிரந்தர வேலையும் கேட்டு ஒரு தீர்மானம் போடுவீர்களா? அவரை மேடையில் உட்காரவைத்து, இந்த ஆற்றில் எதை யார் கொட்டுகிறார்கள் என்று கேட்பீர்களா? அவருக்குத் தெரியும். ஊரின் அழுக்கெல்லாம் யார் வீட்டு அழுக்கு என்று அவருக்குத் தெரிந்த அளவு எந்த ஆராய்ச்சிக்காரனுக்கும் தெரியாது.

எங்களுக்கும் ஓர் ஆற்று நிகழ்ச்சி உண்டு. வழுவழுப்பான அழைப்பிதழ் கிடையாது. விருந்து கிடையாது. ஒவ்வொரு ஜூலை 23-ம் தாமிரபரணிக் கரைக்குப் போய், தண்ணீரில் பூ போடுகிறோம். பதினேழு பேரை நினைக்கிறோம். கூப்பிட்டு ஐந்து நிமிடம் கொடுத்த நண்பருக்கு அதையே பதிலாகச் சொல்கிறேன்: அடுத்த ஜூலையில் கரைக்கு வாருங்கள். கவிதை வேண்டாம். அரசியலோடு வாருங்கள்.