இழுப்பது மாறினால்...

மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷனுக்குத் தேயிலை கொண்டுபோக 1902-இல் ஒற்றைத் தண்டவாளம் போட்டார்கள். சின்னச் சக்கரம் தண்டவாளத்தில் ஓடும். பெரிய சக்கரம் சாலையில் உருண்டு வண்டி சாயாமல் பார்த்துக்கொள்ளும். இழுத்தவை மாடுகள். 1908-இல் அந்த இடத்துக்கு ரயில் இன்ஜின் வந்தது. மாட்டை அவிழ்த்துவிட்டு இன்ஜினைப் பூட்டுவதோடு வேலை முடிந்துவிடவில்லை. இரண்டடி அகலத்தில் பாதையையே புதிதாகப் போட வேண்டியிருந்தது. 1924 வெள்ளம் அந்த ரயிலை வாரிக்கொண்டு போனது. அது விட்டுப்போன பாடம் மட்டும் தேவிகுளம் தாலுகாவில் இன்றும் செல்லும்: இழுப்பதை மாற்றினால், அதைத் தாங்குவதையும் மாற்றியாக வேண்டும்.

இன்று அந்தப் பாடம் தேவைப்படுவது பழைய சின்னக் கார் வைத்திருப்பவர்களுக்கு. குறிப்பாக மாருதி 800. 1983 டிசம்பரில் சாலைக்கு வந்து, 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றுபோன கார். 796 சி.சி., மூன்று சிலிண்டர், கார்புரேட்டர் காலத்தில் சுமார் 37 குதிரைத்திறன். சமவெளியில் குறை சொல்ல முடியாது. போடியிலிருந்து குடும்பத்தோடும் அரிசி மூட்டையோடும் கிளம்பி, போடிமெட்டு வளைவுகளில் ஏறி, பூப்பாறை கடந்து தேவிகுளம் வருவதற்குள் முதல் கியரும் இரண்டாவது கியருமாகத் திணறிப்போகும். ‘பாடி நன்றாகத்தானே இருக்கிறது, வேறு இன்ஜினை வைத்துவிட்டால் என்ன?’ என்ற எண்ணம் அங்கேதான் பிறக்கிறது.

திணறலுக்கு இன்ஜினின் வயது மட்டும் காரணமல்ல. 1,700 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதைவிட ஏறத்தாழ 15 சதவீதம் குறைவு. தேவிகுளம் அந்த உயரத்தையொட்டிய ஊர். டர்போ இல்லாத எந்த இன்ஜினும் மலையேறும்போது கிட்டத்தட்ட அதே அளவு சக்தியை இழக்கிறது. 37 குதிரைகளில் ஐந்தாறு வழியிலேயே இறங்கிக்கொள்கின்றன.

கார்புரேட்டர் வண்டிக்கு இன்னொரு தொல்லை உண்டு. காற்று மெலிந்ததை கார்புரேட்டர் சரியாக உணராது. பெட்ரோலை ஏறக்குறைய பழைய கணக்கிலேயே ஊற்றும். காற்றைவிடப் பெட்ரோல் மிகுந்து, கரும்புகை வரும். பிளக்கில் கரி படியும். ஜெட்டை மாற்றி, ஸ்குரூவைத் திருகிச் சரிசெய்வது மெக்கானிக்கின் காதும் மூக்கும் அறிந்த வித்தை. ஆனால் மலைக்குச் சரிசெய்த வண்டி தேனிக்கு இறங்கினால் மறுபடி கணக்குத் தவறும்.

2000-ஐ ஒட்டி மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகியபோது கார்புரேட்டர் போய், இன்ஜெக்டரும் கம்ப்யூட்டரும் வந்தன. உறிஞ்சு குழாயின் அழுத்தம், தண்ணீரின் சூடு, ஆக்ஸிலரேட்டரை எவ்வளவு மிதித்திருக்கிறோம், புகையில் எவ்வளவு ஆக்சிஜன் மிஞ்சுகிறது என்று சென்சார்கள் சொல்லச் சொல்ல, இன்ஜெக்டர் எத்தனை ஆயிரத்தில் ஒரு பங்கு நொடி திறக்க வேண்டும் என்பதை கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது. போடியில் ஒரு கணக்கு, தேவிகுளத்தில் ஒரு கணக்கு. ஓட்டுநருக்குத் தெரியவே தெரியாது. இழந்த காற்றை மட்டும் அதனாலும் திருப்பித் தர முடியாது. அதற்குப் பெரிய இன்ஜின்தான் வழி.

ஆகவேதான் ‘பெரிய இன்ஜின், கம்ப்யூட்டரோடு’ என்ற ஆசை. சென்னை புதுப்பேட்டை போன்ற பழைய இரும்புச் சந்தைகளில், மோதி நொறுங்கிய கார்களின் இன்ஜின்கள் கிடைக்கின்றன. ஆனால் இன்ஜினை மட்டும் தூக்கி வந்தால் அது வெறும் இரும்பு. அதன் கம்ப்யூட்டர், முழு ஒயரிங், சென்சார்கள் எல்லாம் ஒரே வண்டியிலிருந்து வர வேண்டும். டேங்குக்குள் அழுத்தம் கொடுக்கும் மின்சார பம்ப் வேண்டும். பழைய 800-இன் பம்ப் அதற்குப் போதாது. சாவியின் ரகசிய எண்ணைச் சரிபார்க்கும் வகை கம்ப்யூட்டராக இருந்தால், அந்தப் பழைய சாவியும் வேண்டும். இல்லாவிட்டால் எல்லாவற்றையும் பொருத்திய பிறகு வண்டி ஸ்டார்ட்டே ஆகாது.

கம்பெனிகளும் இந்த வேலையைச் செய்ததுண்டு. பிரிமியர் நிறுவனம் 1985-இல் கொண்டுவந்த 118 என்.இ. காரில் ஃபியட் வழிவந்த உடலுக்குள் நிஸான் இன்ஜின் இருந்தது. 1990-களின் தொடக்கத்தில் அம்பாசடருக்குள் 1,800 சி.சி. இசுசு இன்ஜின் ஏறியபோது, ஐந்து கியர் பெட்டியும் கூடவே வந்தது. வரைபடம் போட்டு, ஓட்டிப் பார்த்து, அரசின் ஒப்புதல் வாங்கிய பிறகே அவை கடைக்கு வந்தன. ஒர்க்‌ஷாப்பில் நடக்கும் மாற்றத்தில் இந்த நடுப்பகுதி விடுபட்டுப்போகிறது.

விடுபட்டது ஏற்றத்தில் தெரியாது, இறக்கத்தில் தெரியும். 800-இன் பிரேக், சஸ்பென்ஷன், டயர் எல்லாம் அந்தச் சின்ன இன்ஜினின் எடைக்கும் வேகத்துக்கும் அளவெடுத்தவை. கனமான இன்ஜின் முன்பக்கம் உட்கார்ந்தால் கொண்டை ஊசி வளைவில் வண்டி திரும்புவதும் நிற்பதும் மாறிவிடும். மலைச்சாலையில் பிரேக் சூடேறித் தளர்வது பழைய கதை. சக்தியைக் கூட்டியவர் பிரேக்கைக் கூட்டாவிட்டால் அந்தக் கதை அவருக்கும் நேரலாம்.

அடுத்தது சட்டம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு 2000-இல் திருத்தப்பட்டது. அதன்படி, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து ஆர்.சி. புத்தகத்தின் விவரம் வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. விதிகளைத் தளர்வாகப் பார்த்த கேரள உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பொன்றை உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரி 9-ஆம் தேதி ரத்து செய்து, இதை மீண்டும் உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு சட்டத் திருத்தம் தண்டனையையும் எழுதிவைத்தது: ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

அபராதம்கூடப் பெரிதல்ல. விபத்து நடந்தால் புத்தகத்தில் இல்லாத இன்ஜினைக் காட்டி இன்சூரன்ஸ் நிறுவனம் கையை விரிக்க இடமுண்டு. சந்தையில் வாங்கிய இன்ஜின் திருட்டு வண்டியினுடையதாக இருந்தால் காவல் நிலையப் படியும் ஏற வேண்டும். பதினைந்து ஆண்டு முடிந்த காருக்குப் பதிவைப் புதுப்பிக்கும்போது ஆய்வாளர் சேசிஸ் எண்ணையும் இன்ஜின் எண்ணையும் புத்தகத்தோடு ஒப்பிடுவார். பிழைத்துக் கிடந்த கார் அன்று இரும்பு விலைக்குப் போகும்.

வழியே இல்லையா? உண்டு. பழுதான இன்ஜினுக்குப் பதில் அதே நிறுவனத்தின் அதே வகை இன்ஜினை, பதிவு அதிகாரியின் அனுமதியோடு, பில்லோடு பொருத்தலாம். 14 நாட்களுக்குள் தெரிவித்துப் புதிய எண்ணை ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். அங்கீகாரம் பெற்ற கிட் மூலம் எரிவாயுவுக்கோ பேட்டரிக்கோ மாறவும் சட்டம் இடம் தருகிறது. கார்புரேட்டரைச் சுத்தம் செய்து, கம்ப்ரெஷன் பார்த்து, கிளட்சையும் பிளக்கையும் மாற்றினாலே பல 800-கள் ஓரளவு உயிர் பெற்று ஏறும்.

மீதியுள்ள திணறலுக்கு மருந்து, மூட்டையைக் குறைப்பதும் கொஞ்சம் முன்னதாகக் கிளம்புவதும்தான். தேவிகுளத்துக்கு மெதுவாக ஏறிய கார் எதுவும் அதற்காகக் கோர்ட்டுக்குப் போனதில்லை.