சிங்கப் பாட்டுக்குச் சொந்தக்காரர்

'தி லயன் கிங்' படத்தில் டிமோனும் பும்பாவும் பாடிக்கொண்டு வருகிற சிங்கப் பாட்டை என் பேத்தி பாடாத நாளே கிடையாது. “இது யார் பாட்டு தாத்தா?” என்று போன வாரம் கேட்டாள். டிஸ்னி பாட்டு என்று சொல்லிவிட எனக்கு மனசு வரவில்லை.

அது சாலமன் லிண்டாவின் பாட்டு. தென்னாப்பிரிக்காவின் ஜூலு நாட்டுப்புறத்தில் 1909இல் பிறந்து, மாடு மேய்த்து வளர்ந்தவர். பிழைப்புக்காக ஜோகன்னஸ்பர்க் வந்து, காலோ இசைத்தட்டு கம்பெனியில் தட்டுகளைப் பொட்டலம் கட்டும் வேலை பார்த்தார். மாலையில் நண்பர்களோடு கோட்டும் சூட்டுமாகப் போய்ப் பாடுவார். 1939இல் அந்தக் கம்பெனியே அவர்களைக் கூப்பிட்டு 'ம்பூபே' என்ற பாட்டைப் பதிவு செய்தது. ஜூலு மொழியில் சிங்கம் என்று பொருள்.

அடித்தொண்டையில் நண்பர்கள் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாட, அதன் மேலே லிண்டா உச்சத்தில் சஞ்சரிக்கிறார். நம் ஊரில் கள்ளக்குரல் என்பார்களே, அந்தக் குரல். மூன்றாவது முறை பதிவு செய்தபோதுதான், பாட்டு முடியப் போகிற நேரத்தில், அதுவரை பாடாத சில ஸ்வரங்களை அந்த நொடியில் கற்பனை செய்து பாடிவிட்டார். இன்று உலகமே முணுமுணுக்கும் மெட்டு அந்தச் சில ஸ்வரங்கள்தான்.

பாட்டின் உரிமைக்கு அவருக்குக் கிடைத்தது 10 ஷில்லிங்.

தட்டு அமெரிக்காவுக்குப் போயிற்று. நாட்டுப்புறப் பாடகர் பீட் சீகர் அதைக் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார். 'நீ ஒரு சிங்கம்' என்கிற ஜூலு சொல் அவர் காதில் 'விமோவே' என்று விழுந்தது. அந்தப் பெயரிலேயே அவருடைய வீவர்ஸ் குழு பாடிப் பிரபலமாக்கியது. எழுதியவர் என்று பதிவான பெயர் பால் கேம்பல். அப்படியொரு மனிதரே கிடையாது! 1961இல் பாடலாசிரியர் ஜார்ஜ் வைஸ் ஆங்கில வரிகள் எழுத, டோக்கன்ஸ் குழு பாடி அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. மறு ஆண்டு லிண்டா வறுமையில் இறந்தார். கல்லறைக்கு ஒரு கல் நட அந்தக் குடும்பத்துக்குப் பல வருஷம் பிடித்தது.

லிண்டாவுக்கு உரியது போய்ச் சேராததற்காகச் சீகர் பிற்காலத்தில் வருந்தினார். கொஞ்சம் பணமும் அனுப்பியிருந்தார். ஆனால் கணக்கைத் தட்டிக் கேட்டவர் ரியான் மலான் என்ற தென்னாப்பிரிக்கப் பத்திரிகையாளர். 2000இல் அவர் எழுதிய நெடிய கட்டுரைக்குப் பிறகே லிண்டாவின் வாரிசுகள் தரப்பில் வழக்கு வந்தது. கைகொடுத்தது, 1911இல் பிரிட்டிஷார் போட்ட பதிப்புரிமைச் சட்டம். படைத்தவர் இறந்து 25 ஆண்டுகள் கழித்து உரிமை வாரிசுகளுக்குத் திரும்பவேண்டும் என்கிறது அது. 2006இல் சமரசம் ஆயிற்று. லிண்டாவின் பெண்களுக்குப் பணம் வந்தது. ஒரு மகள் அதற்குள் போய்விட்டிருந்தார்.

பேத்திக்கு இப்போது சாலமன் லிண்டாவைத் தெரியும். உங்கள் வீட்டுக் குழந்தை இந்தப் பாட்டைப் பாடினால், அந்த 1939 பதிவை ஒருமுறை போட்டுக் காட்டுங்கள். முடிகிற இடத்தில்தான் அந்த ஸ்வரங்கள் வரும், பாதியில் நிறுத்திவிடாதீர்கள்.