வீட்டுக் கணக்கு: அம்மம்மாவின் 11 பவுண்

போன மாதம் எங்கட வீட்டில நடந்த கதை இது. நாலாம் வகுப்பு படிக்கிற மகளுக்குப் பள்ளியில நிறைக் கணக்கு நடக்குது. கிராம், கிலோ, அதோட பழைய ஜேர்மன் அளவான 'ஃபுண்ட்'. ஒரு ஃபுண்ட் 500 கிராம். இங்க சந்தையில வயசான ஆக்கள் இன்னும் அப்படித்தான் கேட்டு வாங்குவினம். அண்டைக்குப் பின்னேரம் அம்மா தன்ர தாலிக்கொடியை எடுத்து வைச்சுக்கொண்டு, "இது 11 பவுண் பிள்ளை" எண்டு சொன்னா. மகள் கண்ணை விரிச்சாள். "அம்மம்மா, அஞ்சரைக் கிலோவையா கழுத்தில போட்டிருந்தீங்கள்?"

சிரிச்சு முடிய யோசிச்சேன். பிள்ளை கேட்டது முழுப் பிழையும் இல்லை. பவுண், ஃபுண்ட் இரண்டும் ஒரே லத்தீன் வேரில இருந்து வந்த சொற்கள்தான். எங்கட பவுண் பிரித்தானியாவின் ஒரு பவுண் தங்க நாணயத்தில இருந்து வந்தது. அந்த நாணயம் 7.988 கிராம், 22 கரட். அதைத்தான் நகைக்கடைகளில 8 கிராம் எண்டு எடுக்கினம். அம்மா பாண் வாங்கின காலத்து றாத்தலும் ஆங்கிலேயரின்ர பவுண்தான், ஆனால் அது நிறைப் பவுண்: 454 கிராம். ஆக ஒரே சொல்லுக்கு 8, 454, 500 எண்டு மூன்று நிறை.

அம்மா கொடியை வெளியில எடுத்ததுக்குக் காரணம் இருந்தது. அப்பா போய் இரண்டு வருசம். கொடி பெட்டிக்குள்ளயே கிடக்குது. "மூண்டு பேரப்பிள்ளையளுக்கும் சரிசமனாப் பிரிச்சுக் குடுத்திட்டா எனக்கு நிம்மதி" எண்டா. அக்கா ரொறன்ரோவில, தம்பி ஹம்பேர்க்கில, கொடி என்ர வீட்டில. குறைஞ்சால் ஆரைக் கேப்பினம் எண்டு நான் சொல்லத் தேவையில்லை.

குசினித் தராசில வைச்சேன். 86 காட்டினது. 11 பவுண் எண்டா 88 வரவேணும். அம்மாவின்ர முகம் மாறிட்டுது. "அப்ப கால் பவுண் எங்க போனது?"

அடுத்த நாள் ஒரு நகைக்காரரிட்டப் போனோம். அவரின்ர தராசில 86.9 கிராம். குசினித் தராசு மாவுக்குச் சரி, நகைக்குச் சரிவராது. மிச்சம் குறைஞ்ச ஒரு கிராம்? முப்பத்தெட்டு வருசம் கழுத்தில உரசின கொடி தேயும் எண்டார் அவர். வளையங்கள் மெலிஞ்சிருக்கிறதைக் கண்ணாடி வைச்சுக் காட்டினார். அம்மாவுக்கு மூச்சு வந்தது. எனக்கும்தான்.

ஆனால் பெரிய ஆபத்து வேற இடத்தில இருந்தது. அதுக்கு முதல் பழைய தங்கம் வாங்கிற கடை ஒண்டில விலை கேட்டிருந்தோம். கொடியில முத்திரை இல்லை எண்டு சொல்லி 585 தங்கமாகக் கணக்குப் போட்டினம். இந்த எண்கள் ஆயிரத்தில எத்தனை பங்கு சுத்தத் தங்கம் எண்டதைச் சொல்லுது. இங்க அதிகம் விக்கிறது 333 (8 கரட்), 585 (14 கரட்), 750 (18 கரட்). எங்கட 22 கரட் 916. ஊரில பத்தர் செய்த பழைய நகையளில இந்த முத்திரை பெரும்பாலும் இராது.

கணக்கைப் பாருங்கோ. 86.9 கிராமை 0.585ஆல் பெருக்கினால் சுத்தத் தங்கம் 50.8 கிராம். 0.916ஆல் பெருக்கினால் 79.6 கிராம். 28 கிராமுக்கு மேல வித்தியாசம். ஒரு பவுணில சுத்தத் தங்கம் 7.32 கிராம்தான், ஆக கிட்டத்தட்ட 4 பவுணை அந்த மேசையிலயே விட்டிட்டு வந்திருப்போம். இரண்டாவது நகைக்காரர் உரைகல்லில உரைச்சு, அமிலம் விட்டுப் பார்த்து 22 கரட் எண்டு சொன்னார். ஒட்டு வைச்ச இடங்களில மட்டும் தரம் கொஞ்சம் குறையும் எண்டார்.

நீங்களும் பெற்றோரின்ர நகையைப் பார்க்கிறதாக இருந்தால் இதை வைச்சிருங்கோ:

பவுண் × 8 = கிராம். கிராம் × 0.916 = சுத்தத் தங்கம். அதை அண்டைய ஒரு கிராம் சுத்தத் தங்க விலையால பெருக்குங்கோ. கடைக்காரர் தன்ர செலவையும் லாபத்தையும் கழிப்பார், ஆனால் எவ்வளவு கழிக்கிறார் எண்டு உங்களுக்குத் தெரியும்.

செய்தியில விலை அவுன்ஸில வந்தால் 31.1ஆல் பிரியுங்கோ. அது தங்கத்துக்கான ட்ராய் அவுன்ஸ். சமையல் அவுன்ஸ் 28.35 கிராம்.

கல்லு வைச்ச நகையில கல்லின்ர நிறையைக் கழிக்கவேணும். கல்லுக்குச் சொல்லிற கரட் நிறை: 0.2 கிராம். தங்கத்துக்குச் சொல்லிற கரட் 24இல எத்தனை பங்கு எண்ட தரம்.

அம்மாவின்ர அம்மா இன்னும் சின்ன அளவுக்கு மஞ்சாடி எண்டுதான் சொல்லுவாவாம். தஞ்சாவூர்ப் பெரிய கோயில் கல்வெட்டுகளில ராஜராஜன் குடுத்த நகையளின்ர நிறையும் கழஞ்சு, மஞ்சாடி, குன்றி எண்டுதான் எழுதியிருக்கு. இரண்டு குன்றிமணி ஒரு மஞ்சாடி. மஞ்சாடி விதை நாலு எடுத்தால் ஏறக்குறைய ஒரு கிராம். மகளுக்குச் செய்து காட்ட ஆசைப்பட்டால் மஞ்சாடி விதையில காட்டுங்கோ. குன்றிமணி கடும் நஞ்சு, பிள்ளையளின்ர கையில குடுக்கக் கூடாது.

கொடியை இன்னும் உருக்கேல்லை. மூண்டாப் பிரிச்சால் ஆளுக்கு 28.97 கிராம், மூன்றரைப் பவுணுக்குக் கொஞ்சம் மேல. அந்தக் கணக்கை நகைக்காரரின்ர நிறைச் சீட்டோட படமெடுத்து அக்காவுக்கும் தம்பிக்கும் அனுப்பியாச்சு. "அவசரமில்லை, அம்மாட்டயே இருக்கட்டும்" எண்டு இரண்டு பேரும் எழுதிச்சினம்.

அம்மாவிட்ட ஒரு பழைய கொப்பி இருக்கு. எந்த நகை, எத்தனை பவுண், ஆர் செய்தது எண்டு எழுதி வைச்சிருக்கிறா. மகள் இப்ப ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில கிராமை எழுதிக்கொண்டு இருக்கிறாள். உங்கட வீட்டிலயும் அப்படி ஒரு கொப்பி இருக்கும். எழுதினவை பக்கத்தில இருக்கேக்கயே, இந்த சனி ஞாயிறு ஒருக்கா எடுத்துப் பாருங்கோ.