பெருநாளுக்குள் வந்தே தீர வேண்டுமா?



2025ஆம் ஆண்டு ஹஜ்ஜுப் பெருநாள் ஜூன் 7, சனிக்கிழமையன்று வந்தது. கிர்கிஸ்தானில் மருத்துவம் பயிலும் என் தமக்கை மகனுக்கு வியாழக்கிழமைதான் தேர்வு முடிந்தது. மேலூரில் இருக்கும் என் தமக்கையோ, பிள்ளை தன் அத்தாவுடன் ஒரே ஸஃப்பில் நின்று பெருநாள் தொழ வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தார். மாணவனிடம் பணம் ஏது? குறைந்த விலைக்குக் கிடைத்த இரண்டு தனித்தனி டிக்கெட்டுகளை அவன் வாங்கினான். ஒன்று வளைகுடா நகரம் வரை. மற்றொன்று அங்கிருந்து வேறு நிறுவனத்தின் விமானத்தில் திருச்சி வரை. இடைவெளி மூன்று மணி நேரம்.

"நேரம் போதுமா?" என்று கேட்டேன். "அல்லாஹ் பார்த்துக்கொள்வான் மாமா" என்றான்.

முதல் விமானம் நான்கு மணி நேரம் தாமதமாகப் புறப்பட்டது. அவன் போய்ச் சேர்ந்தபோது திருச்சி விமானம் சென்றுவிட்டது. முதல் நிறுவனம், "டிக்கெட்டில் உள்ள ஊர்வரை கொண்டுவந்து சேர்த்துவிட்டோம்" என்றது. இரண்டாவது நிறுவனம், "நீங்கள் உரிய நேரத்தில் வரவில்லை" என்றது. இரண்டுமே உண்மைதான். பயணம் முழுவதும் ஒரே முன்பதிவில் இருந்தால், முதல் விமானத்தின் தாமதத்தால் அடுத்ததைத் தவறவிடுபவரை வேறு விமானத்தில் ஏற்றி அனுப்பும் பொறுப்பு நிறுவனத்தைச் சேரும். தனித்தனியாக வாங்கினால் அந்தப் பொறுப்பு எவருக்கும் இல்லை. வெளியே சென்று பெட்டியை எடுக்க அவனிடம் விசாவும் இல்லை. அரஃபா நாளின் இரவை விமான நிலைய நாற்காலியில் கழித்து, பெருநாள் தக்பீரைக் கைப்பேசியில் கேட்டான். ஞாயிறு ஃபஜ்ருக்குப் பின்னர்தான் வீடு வந்து சேர்ந்தான்.

இதைக் கத்ர் என்று சொல்லி முடித்துவிடலாம். கத்ரை நம்புவது நம் ஈமானின் ஒரு பகுதி. ஆனால் ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அதன்பின் தவக்குல் வைக்குமாறு நபி (ஸல்) அவர்கள் கற்பித்ததை மத்ரஸாவின் சிறு பிள்ளைகளும் அறிவார்கள். மூன்று மணி நேர இடைவெளியில் இரு தனி டிக்கெட்டுகளை வாங்குவது ஒட்டகத்தை அவிழ்த்து விடுவதற்கு ஒப்பாகும். அவன் அதை அவிழ்த்துவிடக் காரணம் நம் அவசரமே என்பதுதான் என் கருத்து.

அவசரத்தின் விலை என்ன என்பதை, தாயகம் திரும்பியவர்களின் விமானங்களே நமக்குக் காட்டியுள்ளன. 2010 மே 22 அன்று துபாயிலிருந்து மங்களூர் வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஓடுபாதையைக் கடந்து பள்ளத்தில் விழுந்தது. 158 பேர் இறந்தனர். எட்டுப் பேர் மட்டுமே பிழைத்தனர். இறங்குவதைக் கைவிட்டு மீண்டும் மேலெழும்புமாறு துணை விமானி கூறியும் தலைமை விமானி இறங்கிவிட்டார் என்பதை விசாரணை பதிவுசெய்தது. பத்தாண்டுகள் கழித்து, 2020 ஆகஸ்ட் 7 இரவு, கொரோனா காலத்தில் துபாயிலிருந்து மக்களை அழைத்துவந்த அதே நிறுவனத்தின் விமானம் கோழிக்கோட்டில் கொட்டும் மழையில் விபத்துக்குள்ளானது. இரு விமானிகள் உட்பட 21 பேர் இறந்தனர். அங்கும் மேலெழும்பும்படி துணை விமானி சொல்லியிருந்தார். வேறு நிலையத்துக்குச் செல்லப் போதுமான எரிபொருளும் இருந்தது. மறுநாள் காலை அங்கிருந்தே அடுத்த விமானத்தை ஓட்ட வேண்டியிருந்ததால் எப்படியும் அங்கேயே இறங்கிவிட வேண்டும் என்ற எண்ணம் தலைமை விமானியை உந்தியதாக 2021இல் வெளியான அறிக்கை கூறுகிறது. அதைப் படித்தபோது என் தமக்கையின் குரல்தான் என் காதில் ஒலித்தது.

(அந்த இரவில், தொற்று அச்சத்தையும் பொருட்படுத்தாமல் மழையில் ஓடிவந்து காயமுற்றோரைத் தம் சொந்த வாகனங்களில் மருத்துவமனைக்குக் கொண்டுசென்ற கொண்டோட்டி மக்களையும் நாம் மறத்தலாகாது. அவர்களில் பலர் பின்னர் தனிமைப்படுத்தப்பட்டார்கள். அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி வழங்குவானாக.)

பொறுமையின் காட்சியை நம் அருகிலேயே கண்டோம். 2024 அக்டோபர் 11 மாலை திருச்சியிலிருந்து சார்ஜாவுக்குப் புறப்பட்ட விமானத்தில் ஹைட்ராலிக் கோளாறு ஏற்பட்டது. எரிபொருள் எடை குறையும்வரை ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் வானிலேயே வட்டமிட்டது. தொலைக்காட்சி முன் அமர்ந்து எத்தனையோ வீடுகள் துஆச் செய்தன. 141 பயணிகளும் நலமாக இறங்கினர். அன்று எவரும் சார்ஜா போய்ச் சேரவில்லையே என்று வருந்தவில்லை.

மார்க்கமும் பயணியை விரட்டுவதில்லை. நான்கு ரக்அத்தை இரண்டாகச் சுருக்கித் தருகிறது. ரமழான் நோன்பைப் பின்னர் நோற்க அனுமதிக்கிறது. குர்பானிக்குக்கூடப் பிறை 10, 11, 12 என அவகாசம் இருக்கிறது. ஷாஃபிஈ மத்ஹபில் 13 வரை நீளும். மச்சான் அதை நன்கறிந்தவர். மகன் வரட்டும் என்று ஆட்டை அறுக்காமல் வைத்திருந்து, ஞாயிறு காலை அவன் கையாலேயே அறுக்கச் செய்தார். பெருநாள் தொழுகை தவறியது உண்மை. ஆனால் அந்த வீட்டில் பெருநாள் தவறவில்லை.

நான்கு நாள் கழித்து, ஜூன் 12 அன்று, அகமதாபாத்திலிருந்து லண்டன் புறப்பட்ட ஏர் இந்தியா விமானம் மருத்துவக் கல்லூரி விடுதியின்மீது விழுந்தது. விமானத்திலிருந்த 242 பேரில் ஒருவரே பிழைத்தார். உணவருந்திக்கொண்டிருந்த மருத்துவ மாணவர்களும் மாண்டனர். விமானத்தில் ஏறாதவரையும் மவ்த் தேடி வந்தது. தமக்கை அன்றிரவு எனக்குப் போன் செய்து, "இனி அவன் திரும்பப் போக வேண்டாம்" என்று அழுதார். ஒரு வாரத்துக்கு முன் வந்தே தீர வேண்டும் என்றவர், இப்போது போகவே கூடாது என்கிறார். தாயின் அச்சத்தை நான் குறை கூறவில்லை. ஆனால் பாதுகாப்பாக இருக்க ஆவன செய்யாத அவசரமும், படிப்பையே கைவிடச் சொல்லும் அச்சமும் தவக்குலுக்கு வெளியே நிற்பவைதாம். அவன் செப்டம்பரில் திரும்பிச் சென்றான்.

பெற்றோரிடம் நான் வேண்டுவது பெரிதன்று. டிக்கெட் எடுக்குமுன் பிள்ளையிடம் நாள் குறிப்பிடாதீர்கள். ஒரே முன்பதிவுக்குக் கூடுதலாக ஆகும் தொகையை நீங்கள் தாருங்கள். பெருநாள் துணிமணியில் அதைக் குறைத்துக்கொள்ளலாம். பெட்டி வராவிட்டால் நிலையத்தை விட்டு வெளியேறும் முன்பே எழுத்தில் பதியுமாறு சொல்லுங்கள். மாண்ட்ரியல் உடன்படிக்கையின்படி, சேதத்துக்கு ஏழு நாளிலும் தாமதத்துக்கு 21 நாளிலும் எழுத்து மூலம் முறையிட வேண்டும். பலர் இதை அறியாமல் உரிமையை இழக்கிறார்கள்.

இம்முறை அவனுடைய தேர்வு நாள் இன்னும் முடிவாகவில்லை. சென்ற வாரம் மேலூர் சென்றிருந்தபோது, "பெருநாளுக்கு வருவானா?" என்று தமக்கையிடம் கேட்டேன்.

"வரும்போது வரட்டும் தம்பி. அவன் பங்கை ஃப்ரிட்ஜில் வைத்துவிடுகிறேன்" என்றார்.