தோட்டமா இருந்தா செல்லாது, வித்தா செல்லும்

"பையன் கனடாவுக்கு பி.ஆர். போட்டிருக்கான். ஸ்பான்சர் யாரும் கிடையாது, முழுக்க சொந்தத் திறமையில போறான்." எங்க சேர்வராயன் மலையில இந்தப் பேச்சை இப்போ அடிக்கடி கேக்கறேன். சேலம், சென்னை, பெங்களூருல இருந்து வர்ற நண்பர்களும் "சூப்பர்ங்க, தன் கால்லயே நிக்கறான்"னு தலையாட்டறாங்க. பையன் திறமைசாலிதான், அதை மறுக்கலை. ஆனா ஸ்பான்சர் இல்லைன்னு சொல்றதை மட்டும் நான் ஒத்துக்க மாட்டேன்.

முதல்ல விதியைப் பாருங்க. வெளிநாட்டு முதலாளி யாரும் வேலை தராம, படிப்பையும் அனுபவத்தையும் மட்டும் காட்டி கனடாவுல நிரந்தரமா குடியேற ஒரு வழி இருக்கு. எக்ஸ்பிரஸ் என்ட்ரிங்கற முறையில அதுக்கு விண்ணப்பிக்கணும். வயசு, படிப்பு, ஆங்கிலம், அனுபவம்னு ஒவ்வொண்ணுக்கும் புள்ளி உண்டு. தனி ஆளுக்கு 20 முதல் 29 வயசு வரைக்கும் வயசுக்கு மட்டும் 110 புள்ளி. 30 ஆனதும் குறைய ஆரம்பிச்சு, 45ல பூஜ்யம் ஆயிடும்.

அடுத்தது பணம். கனடாவுலயே வேலை செய்ய அனுமதியும் முறையான வேலை வாய்ப்பும் கையில இருக்கறவங்களுக்கு இதுல விலக்கு உண்டு. அது இல்லாதவன் தனி ஆளா இருந்தா, 2025 கணக்குப்படி 15,000 கனடா டாலருக்கு மேல காட்டணும். நம்ம ரூபாயில 9 லட்சத்தைத் தாண்டும். 4 பேர் குடும்பம்னா 28,000 டாலருக்கு மேல. இந்தப் பணம் யார்கிட்டயும் கடன் வாங்கினதா இருக்கக் கூடாது. வீடு, நிலத்தோட மதிப்பையும் காட்ட முடியாது. வங்கிக் கடிதத்துல 6 மாச சராசரி இருப்பு வேற வரணும். அழைப்பு வந்தா விண்ணப்பம் போட 60 நாள்தான் அவகாசம். அப்போ பணத்தை எப்போ தயார் பண்ணணும்? அழைப்பு வர்றதுக்கு முன்னாடியே. வருமா வராதான்னு தெரியாத ஒரு அழைப்புக்காக.

இதோட அர்த்தம் எங்க மலையில எப்படி இறங்குதுன்னு பாருங்க. அப்பன்கிட்ட 2 ஏக்கர் காபி இருக்கு. சில்வர் ஓக் மரத்துல மிளகு ஏத்தியிருக்கார். கனடா அரசாங்கத்தோட கணக்குல அந்தத் தோட்டத்துக்கு மதிப்பு கிடையாது. அதையே வித்து, "திருப்பிக் கேக்க மாட்டேன், மகனுக்கு அன்பளிப்பு"ன்னு எழுதிக் கொடுத்து வங்கியில போட்டா மதிப்பு வந்துடுது. தோட்டமா இருக்கற வரைக்கும் செல்லாது, வித்தா செல்லும்.

இப்போ சொல்லுங்க, ஸ்பான்சர் யாரு?

படிக்க வெச்ச பீஸு காபிப் பழத்துல இருந்து வந்துச்சு. நவம்பர்ல இருந்து பனியில கூடையைக் கட்டிக்கிட்டுப் பழம் பறிச்ச பொம்பளைங்க கூலியைக் கொஞ்சம் குறைச்சுக் கொடுத்துத்தான் பல வீட்டுல காலேஜு பீஸு கட்டியிருக்காங்க. கவுன்சிலிங்ல சீட்டு, முதல் பட்டதாரி கட்டணச் சலுகை எல்லாம் தமிழ்நாட்டு அரசாங்கம் கொடுத்தது, அதாவது உங்க வரிப்பணமும்தான். ஒரு காபிச் செடி காய்ப்புக்கு வரவே 3, 4 வருஷம் ஆகும். நிழல் கொடுத்து, கவாத்து பண்ணி, தண்டுத் துளைப்பானுக்குப் பயந்து பயந்து வளர்க்கறோம். மனுஷனை வளர்க்க 25 வருஷம். வளர்த்த செலவு எங்களோடது, காய்ப்பு அவங்களுக்கு. அதுக்குப் பேரு 'சொந்தத் திறமை'.

தோட்டத்தை யாரு வாங்கறா? காபி பயிர் பண்றவன் வாங்கறது அபூர்வம். வார இறுதிக்கு வில்லா கட்டறவங்களும் ஹோம்ஸ்டே போடறவங்களும்தான் விலை கேட்டு வர்றாங்க. கோவிச்சுக்காதீங்க, அதுல உங்கள்ல சில பேரும் உண்டு. மண்ணை விட்டுப் போறானேன்னு எங்க பையனைப் பத்தி வருத்தப்படறவரே, மறு வாரம் அந்த மண்ணுல கான்கிரீட் தூண் நிறுத்தறார். நிழல் மரம் போனா காபியும் போச்சு.

நடுவுல கன்சல்டன்சிக்காரங்க. எனக்குத் தெரிஞ்ச ஒரு வீட்டுல ஒண்ணே கால் லட்சம் வாங்கிட்டு, கணக்குத் திறந்து கொடுத்ததோட சரி. எக்ஸ்பிரஸ் என்ட்ரியில சுயவிவரம் பதிய கட்டணமே கிடையாது. பாஸ்போர்ட்டு, ஆங்கிலத் தேர்வு மதிப்பெண், படிப்புக்கான மதிப்பீட்டுச் சான்று இருந்தா அவனவனே உட்கார்ந்து பதியலாம். காசு வாங்கிக்கிட்டு அடுத்தவனுக்காக இதைச் செய்ய, உரிமம் உள்ள வக்கீல், ஆலோசகர் மாதிரி ஆளுங்களுக்குத்தான் கனடா சட்டம் இடம் கொடுக்குது. இன்ஜினியரிங் முடிச்ச பையன் ஒரு பாரம் நிரப்ப அப்பன் காசை ஏன் கொடுக்கணும்?

போறதே தப்புன்னு நான் சொல்லலை. இந்த மலையே வந்தேறிகளோட மலை. எங்க மலையாளிப் பழங்குடி மக்களே காஞ்சிப் பக்கத்துல இருந்து ஏறி வந்ததாத்தான் அவங்க வழிவழிக் கதை சொல்லுது. 1820கள்ல சேலம் கலெக்டரா இருந்த காக்பர்ன் இங்க காபியைக் கொண்டு வந்தார். மலைக்காரங்க யாரும் அவர்கிட்ட வயசையும் வங்கி இருப்பையும் கேக்கலை. புள்ளி முறையும் ஒரு வகையில நல்லதுதான். நிறத்தையும் பிறந்த நாட்டையும் பார்த்து ஆளெடுத்த கனடா, 1967ல இந்த முறைக்கு வந்ததாலதான் நம்ம ஆளுங்களுக்குக் கதவு திறந்துச்சு.

நான் கேக்கறது கணக்கு மட்டும்தான். போற பையன் தன் சம்பளத்துல சேர்த்த பணத்தைக் காட்டிப் போகட்டும். ரெண்டு வருஷம் தாமதமானா சில புள்ளி குறையும், குறையட்டும். தோட்டம் ஒரு தடவை போனா எந்தப் புள்ளி வெச்சும் திரும்ப வாங்க முடியாது. வித்தே ஆகணும்னா, அக்கா தங்கச்சியோட பங்கையும் அப்பன் ஆத்தாவோட வயசான காலத்தையும் முதல்ல காகிதத்துல எழுதிட்டு, அப்புறம் பத்திர ஆபீசுக்குப் போகட்டும்.

நகரத்து நண்பர்களுக்கும் ஒண்ணு. அடுத்த தடவை 'ஸ்பான்சர் இல்லாம போனவன்'னு யாரையாவது பாராட்டினா, அவன் ஊர்ல எத்தனை ஏக்கர் வித்தாங்கன்னு ஒரு வார்த்தை கேளுங்க. பாராட்டை அந்த ஏக்கருக்கும் சேர்த்துச் சொல்லுங்க.