லங்கர் அடுப்பும் வீட்டு அடுப்பும்



சூலக்கரைப் பக்கம் நாம் தினமும் கடக்கிற நான்குவழிச் சாலைதான் வடக்கே லூதியானா, ஜலந்தர் வரை போகிறது. அந்தச் சாலையில் லாரி ஓட்டிவரும் சீக்கியர்களைப் பார்த்திருக்கிறோம். அவர்கள் வீட்டுப் பெண்களைப் பற்றி நமக்கு அதிகம் தெரியாது.

சீக்கியர்களின் இரண்டாம் குரு அங்கத் தேவின் மனைவி மாதா கீவி. லங்கர் என்ற பொதுப்பந்தியை முன்னின்று நடத்தியவர். குருமார்களின் மனைவியரில் இவர் பெயர் மட்டுமே சீக்கியர்களின் புனித நூலான குரு கிரந்த் சாகிபில் இடம்பெற்றிருக்கிறது. போர்க்களத்தில் வென்றதற்காக அல்ல, பசித்தவர்களுக்குச் சோறு போட்டதற்காக. எனக்கு இது பெரிய விஷயமாகப் படுகிறது. போர்க்களத்துக்கும் ஒருவர் உண்டு: பத்தாம் குரு கோவிந்த் சிங்கை விட்டு விலகிப்போன நாற்பது வீரர்களைத் திரும்ப அழைத்துவந்து, முக்த்சர் போரில் தானும் வாளெடுத்த மாயி பாகோ.

இத்தனை இருந்தும், 2001 கணக்கெடுப்பில் பஞ்சாபில் ஆறு வயது வரையிலான ஆண் குழந்தைகள் 1000 பேருக்குப் பெண் குழந்தைகள் 798 பேர்தான். பெண் கருவைக் கலைப்பதற்கு எதிராகச் சீக்கியர்களின் உச்ச பீடமான அகால் தக்த் அதே ஆண்டு ஆணையிட்டது. 2011இல் எண்ணிக்கை 846 ஆனது. பொற்கோயிலுக்குள் பெண்கள் கீர்த்தனம் பாட வழிவிட வேண்டும் என்று 2019இல் பஞ்சாப் சட்டமன்றமே தீர்மானம் போட வேண்டியிருந்தது. ஆணும் பெண்ணும் சமம் என்று குருமார்கள் சொன்னதை வீடுகள் இன்னும் முழுதாகக் கேட்கவில்லை.

சீக்கியப் பெண்களின் கதை நமக்குத் தூரத்துக் கதையுமல்ல. நம் ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் அடங்கிய தென்காசித் தொகுதியில் 2024 நாடாளுமன்றத் தேர்தலில் சீதா கவுர் என்ற தமிழ்ச் சீக்கியப் பெண் வேட்பாளராக நின்றார்.

லங்கருக்காகக் குருத்வாராவில் ஆண்கள் மாவு பிசைகிறார்கள், பாத்திரம் துலக்குகிறார்கள். நம் ஊர்க் கோயில் அன்னதானத்திலும் கரண்டி பிடிப்பது ஆண்கள்தான். ஆனால் பட்டாசு ஆலையில் பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு வரும் பெண்தான் வீட்டில் உலையும் வைக்கிறாள். அந்த வேலையில் பாதியை ஆண்கள் எடுத்துக்கொள்ளாமல் சமத்துவம் பேசுவதில் பொருளில்லை.

உங்கள் வீட்டில் ராத்திரிச் சமையல் யார் கையில்? அந்த வழக்கத்தை மாற்றிய குடும்பங்கள் எங்களுக்கு எழுதுங்கள். அடுத்த இதழில் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்