வாக்குப் பெட்டியும் அரசு இயந்திரமும்

தோழர்களே!

"தேர்தலில் வென்றால் சோஷலிசம் வந்துவிடுமா?" என்று ஒரு தோழர் கேட்கிறார். "வராதென்றால் தேர்தலில் நிற்பானேன்?" என்று மற்றொருவர் மடக்குகிறார். இவ்வாதத்திற்கு விடையைச் சிலி நாட்டு மக்கள் தம் குருதியால் எழுதி வைத்திருக்கின்றனர்.

1970 செப்டம்பர் 4-ல் நடந்த தேர்தலில் மக்கள் ஒற்றுமை அணியின் வேட்பாளர் சால்வடார் அலெண்டே 36.6 சதவீத வாக்குப் பெற்று முதலிடத்தில் நின்றார். எவருக்கும் பெரும்பான்மை இல்லாததால் அரசியல் சட்டப்படி முடிவு நாடாளுமன்றத்திற்குச் சென்றது. அக்டோபர் 24-ல் அது 153 வாக்குகளால் அவரையே தேர்ந்தது. எதிராளிக்குக் கிடைத்தவை 35. அதற்கு இரண்டு நாள் முன்னர், சட்டத்தை மீற மறுத்த தரைப்படைத் தலைவர் ஷ்நைடர் சுடப்பட்டார். 25-ந் தேதி மாண்டார். மக்கள் தீர்ப்பை மதித்த தளபதிகூடப் பிற்போக்காளருக்கு வேண்டாதவராகிவிட்டார்!

அலெண்டே செய்த குற்றந்தான் யாது? குழந்தைகளுக்கு நாள்தோறும் அரை லிட்டர் பால் அளித்தார். பெரும் பண்ணைகளை உழவருக்குப் பிரித்தளித்தார். 1971 ஜூலை 11-ல் அமெரிக்கக் கம்பெனிகளின் தாமிரச் சுரங்கங்கள் நாட்டுடைமையாயின. எதிர்க்கட்சிகள் உட்பட நாடாளுமன்றம் ஒருமனதாக நிறைவேற்றிய சட்டம் அது!

ஆயினும் மூலதனம் சும்மா இருக்கவில்லை. வெளிநாட்டுக் கடன் வாயில்கள் அடைபட்டன. 1972 அக்டோபரில் லாரி முதலாளிகள் வண்டிகளை நிறுத்தி நாட்டை முடக்க முனைந்தனர். எதிர்க்கட்சிகளுக்கும் பத்திரிகைகளுக்கும் அமெரிக்க உளவுத்துறையின் பணம் பாய்ந்ததை 1975-ல் அமெரிக்க செனட் குழுவின் அறிக்கையே பதிவு செய்தது. தொழிலாளரோ ஆலைகளைத் தாமே இயக்கினர். குடியிருப்புகளில் குழு அமைத்து உணவுப் பொருள் வழங்கினர். 1973 மார்ச் தேர்தலில் மக்கள் அணியின் வாக்கு 44 சதவீதமளவுக்கு உயர்ந்தது.

வாக்குப் பெட்டி கைகொடாதபோது டாங்கி வந்தது. 1973 செப்டம்பர் 11-ல் ஜனாதிபதி மாளிகை மீது விமானங்கள் குண்டு வீசின. அலெண்டே அங்கேயே உயிர் நீத்தார். சதிக்குத் தலைமை தாங்கிய பினோசே, 19 நாட்களுக்கு முன் அலெண்டேயே தரைப்படைத் தலைவராக நியமித்தவர்! நாடாளுமன்றம் கலைக்கப்பட்டது, தொழிற்சங்க மத்திய அமைப்பு தடை செய்யப்பட்டது, மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர் அல்லது காணாமற் போயினர்.

ஜனநாயகத்தைக் கைவிட்டவர் யார்? தன் பணப்பையைக் காக்க முதலாளி வர்க்கம் தன் நாடாளுமன்றத்தையே பலி கொடுக்கும் என்பதை 1852-லேயே பிரான்சின் அனுபவத்திலிருந்து மார்க்ஸ் விளக்கினார். பழைய அரசு இயந்திரத்தை அப்படியே கைப்பற்றித் தன் நோக்கத்திற்குப் பயன்படுத்தப் பாட்டாளி வர்க்கத்தால் இயலாது என்பது 1871 பாரிஸ் கம்யூனிலிருந்து அவர் கற்ற பாடம். அதே மார்க்ஸ் 1872-ல் ஆம்ஸ்டர்டாமில் பேசியபோது, சில நாடுகளில் அமைதி வழியும் கூடும் என்றார். இவ்விரண்டையும் சேர்த்துப் படிப்பதே மார்க்சியம்.

நம் குறைகளையும் மறைக்கலாகாது. சிலியில் விலைவாசி கட்டுக்கடங்காது ஏறியது. முன்னேறுவதா, பெற்றதை நிலைப்படுத்துவதா என்பதில் அணிக்குள்ளேயே பிளவு நிலவியது. நடுத்தர மக்களில் பெரும்பகுதியினர் எதிரியின் பக்கம் சாய்ந்தனர். எதிரியின் சூழ்ச்சியை மட்டும் பேசி இவற்றைப் பேசாதவன் பாடம் கற்றவன் ஆகான்.

அப்படியானால் வாக்குச் சீட்டு வீணா? அன்று! 1988 அக்டோபர் 5-ல், சர்வாதிகாரி தானே நடத்திய வாக்கெடுப்பில் சிலி மக்களில் ஏறத்தாழ 56 சதவீதத்தினர் 'வேண்டாம்' என்று தீர்ப்பளித்தனர். 1990-ல் அவன் பதவி இறங்கினான். எனினும் அவன் காலத்து 1980 அரசியல் சட்டம் பல திருத்தங்களுடன் இன்றும் நீடிக்கிறது. அதற்கு மாற்றாக வந்த இரு வரைவுகளையும் 2022-லும் 2023-லும் மக்களே ஏற்கவில்லை. ஆளை இறக்குவது ஒன்று. அமைப்பை மாற்றுவது வேறு.

தோழர்களே! தேர்தலா, போராட்டமா என்று வாதிட்டுப் பொழுதைப் போக்க வேண்டாம். ஒரு தேர்தலுக்கும் மறு தேர்தலுக்கும் இடையில் ஆலையிலும் வயலிலும் தெருவிலும் நாம் கட்டும் அமைப்பே வாக்கைக் காக்கும் அரண். அந்த அரண் இல்லாத வெற்றி, காவலில்லாத களஞ்சியமே!